கோடரி வெட்டிய காடு, டோசர் தள்ளிய காடு: செங்கலடி – பதுளை வீதியோரம் ஒரு நிகழ்வு ஆய்வு

தாவரங்களை எண்ணுவதற்காக நாங்கள் கயிறு கட்டிய மூன்று சதுரங்களில், டோசர் தள்ளிய மூன்றாவது சதுரத்தின் பட்டியல்தான் மிக நீளமாக வந்தது. நாயுண்ணி, கினியாப்புல், காட்டுத்துளசி, தகரை, துத்தி, நாயுருவி, தொட்டாற்சுருங்கி, கோவை, முசுட்டை, எருக்கலை, விடத்தல், சூரை என்று கொப்பியின் அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது. முதலாவது சதுரம், அதாவது ஊரார் பெருங்காடு என்று சொல்லும் இடம், ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், அப்படியென்றால் அழிந்த காட்டில்தான் தாவரப் பல்வகைமை கூடவா?"

பாலை மரத்தின் வேரில் குந்தியிருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் நான் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார். "செத்த வீட்டில்தான் சனம் கூட, மகள். வந்த சனத்தை எண்ணாதே. வீட்டு ஆட்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணு."

அதற்குப் பின் நான் சொன்னதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு எழுதிய உரைதான்.

இடமும் காணியும்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் கறுத்தப் பாலம், இலுப்படிச்சேனை, கரடியனாறு, மரப்பாலம், புல்லுமலை என்று வண்டி மேற்கே போகும். நாங்கள் கயிறு கட்டிய மூன்று சதுரங்களும் அந்த வீதியிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரே சரிவில், ஒரே செம்மண்ணில், ஒரே கருங்கல் மலையின் அடியில் இருக்கின்றன. இதற்குமேல் துல்லியமாக இடத்தைச் சொல்லப்போவதில்லை. இன்னும் நிற்கிற சில முதிரைகளை நினைத்துத்தான் இந்த மறைப்பு. கள்ள மரம் ஏற்றுகிறவர்களும் வாசிக்கத் தெரிந்தவர்கள்.

இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களைச் சற்றுக் கவனித்தால் காட்டின் வரலாறு பாதி தெரிந்துவிடும். இலுப்படிச்சேனை, பாவற்கொடிச்சேனை, வாழைச்சேனை, அம்பாறைப் பக்கம் போனால் அட்டாளைச்சேனை. சேனை என்பது காட்டை வெட்டி, எரித்து, ஒன்றிரண்டு போகம் விதைத்து, பிறகு கைவிட்டு வேறிடம் போகிற பயிர்ச்செய்கை. ஊரின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், மனிதக் கைபடாத காடு என்று நாங்கள் பேசுவது பெரும்பாலும் கற்பனைதான். இன்னொரு பக்கம் மரங்களே ஊராகி நிற்கின்றன: நாவற்காடு, பனிச்சங்கேணி, காஞ்சிரங்குடா, மகிழடித்தீவு. கொக்கட்டிச்சோலையில் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியது என்ற தலபுராணம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எல்லாருக்கும் தெரியும். வெட்டியதும் நாங்கள்தான், பெருகிய இரத்தத்தைப் பார்த்துக் கோவில் கட்டியதும் நாங்கள்தான்.

பெரியவரின் குடும்பம் அவருடைய பாட்டன் காலத்திலிருந்து இந்தச் சரிவில் சேனை செய்தது. காணி உறுதி கிடையாது. விட்டுவிட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்களை முடிக்குரியவை என்று கொள்வதற்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே வழி செய்துவிட்டது. அதனால் காணி என்று அவர் சொல்லும்போதெல்லாம் சட்டம் அதை அரச காடு என்றுதான் சொல்லும். இரண்டு சொற்களையும் இந்தக் கட்டுரையில் வசதிக்கேற்பப் பயன்படுத்துகிறேன்.

மேட்டில், மலையடியை ஒட்டிய துண்டைக் குடும்பம் ஒருபோதும் வெட்டவில்லை. கல் அதிகம், கரடியும் அதிகம். நடுத் துண்டு பழைய சேனை. கோடரியாலும் கத்தியாலும் வெட்டியது. போர் இடம்பெயர்த்தபோது அது விட்ட இடத்தில் நின்றுபோனது. கீழ்த் துண்டும் அதே சேனைதான். ஆனால் 2007க்குப் பின் திரும்பி வந்தவர்கள் அதை டோசர் விட்டுத் தள்ளி, உழவு இயந்திரத்தால் உழுது, சோளன் போட்டார்கள். சில போகங்களுக்குப் பிறகு யானை வந்தது. காவலுக்குப் பரண் கட்டி, வெடி கொளுத்தி, இரவெல்லாம் கத்திப் பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டார்கள்.

ஒரு குடும்பம், ஒரு மண், ஒரு மழை. மாறியது கருவியும் கைவிட்ட கால அளவும் மட்டும். ஆய்வாளர் ஒருவர் திட்டமிட்டுச் செய்யவேண்டிய சோதனையைப் போரும் யானையும் சேர்ந்து செய்துவைத்திருக்கின்றன.

மழைக்காடு என்று எதைச் சொல்கிறோம்

பள்ளிப் புத்தகத்தில் வெப்பமண்டலத் தாழ்நில மழைக்காடு என்றால் சிங்கராஜ வனத்தின் படம் இருக்கும். அங்கே ஆண்டு முழுவதும் மழை, ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல். மட்டக்களப்பில் ஆண்டு மழை 1,600 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வறண்ட தென்மேற்குக் கச்சான் காற்று. எங்களுடையது வறண்ட வலயத்துக் கலப்புப் பசுமைக்காடு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எங்கள் காடு எப்போதும் தோற்கும்.

எண்களில் சொல்வதானால்: போர்னியோத் தீவில் லம்பிர் காட்டில் 52 ஹெக்டேயர் நிலத்தில், தண்டு ஒரு சென்ரிமீற்றர் தடிப்பிருந்தாலும் விடாமல் எண்ணியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட மர இனங்கள் வந்தன. சிங்கராஜ வனத்தில் 25 ஹெக்டேயரில் இருநூறுக்கு மேல், அவற்றில் பெரும்பாலானவை இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. தமிழ்நாட்டில் முதுமலையின் வறண்ட காட்டில் 50 ஹெக்டேயர் எண்ணியும் எழுபது சொச்சம்தான். எங்கள் காடும் இந்தக் கடைசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இனங்கள் குறைவு என்பது இங்கே நோய் அல்ல, இயல்பு. மழை குறைந்த இடத்தில் வாழத் தெரிந்த மரங்கள் சிலதான்.

இருந்தும் சிங்கராஜ வனத்தின் கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக அந்தக் காட்டில் மரம் தெரிந்து வெட்டும் வேலை தொடங்கியது. பொதுமக்களின் எதிர்ப்பால் 1977இல் நிறுத்தப்பட்டது. 1988இல் அது உலக மரபுரிமையானது. இடையில் வெட்டுப்பட்ட பகுதி என்ன ஆனது என்பதை சாவித்திரி குணதிலக்க, நிமல் குணதிலக்க, மார்க் அஷ்டன் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களின் வேலையிலிருந்து எங்களுக்குத் தேவையான செய்தி ஒன்றுதான்: மழைக்காட்டின் பெருமரங்களுடைய விதை காத்திருக்காது. மழைக்காட்டு உச்சியை ஆளும் சோரியா மரங்களின் விதை விழுந்த சில நாட்களிலேயே முளைத்துவிடும். முளைக்காவிட்டால் செத்துவிடும். மண்ணுக்குள் சேமிப்பு என்று எதுவும் இல்லை. தாய்மரமும் நிழலில் நிற்கும் கன்றுகளும் போய்விட்டால் அந்த இனம் அந்த இடத்தில் முடிந்தது. மண்ணுக்குள் காத்திருப்பதெல்லாம் வெயில் விரும்பிகளின் விதைகள்தான். அதனால்தான் காட்டைத் துடைத்து எரித்த இடங்களில் கெகில்லப் பன்னம் என்ற பெரணி போர்த்திக்கொண்டு, வேறெதையும் எழவிடாமல் கிடக்கிறது.

எங்கள் காட்டில் வெட்டிய மரத்தை மறுபடி எழுப்புவது பெரும்பாலும் விதை அல்ல, அடிக்கட்டை. நடுத் துண்டும் கீழ்த் துண்டும் பிரிந்தது அந்த இடத்தில்தான்.

அளந்த முறை

இருபது மீற்றருக்கு இருபது மீற்றர் நைலோன் கயிற்றுச் சதுரம், துண்டுக்கு ஒன்று. தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த மரம் எல்லாவற்றுக்கும் பெயரும் சுற்றளவும். உள்ளே ஐந்துக்கு ஐந்தில் கன்றுகள், ஒன்றுக்கு ஒன்றில் பூண்டுகளும் புற்களும். பெயர் தெரியாததற்கு இலை பறித்துப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்தோம். பெயர் சொன்னவர் பெரும்பாலும் பெரியவர்தான், பட்டையைக் கத்தி நுனியால் கீறி மணந்து பார்த்துச் சொன்னார். அட்டவணை எதையும் இங்கே தரவில்லை. மூன்று சதுரங்களின் எண்களை ஒரு மாவட்டத்துக் காட்டின் எண்களாக யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. மூன்றில் கண்டதைச் சொல்கிறேன்.

மேல் துண்டு

உள்ளே போனதும் முதலில் தெரிவது இருட்டு. நண்பகலில் புத்தகம் வாசிக்கலாம், ஆனால் கண்ணைச் சுருக்கவேண்டும். மேலே பாலையும் சாவண்டலையும் முதிரையும் கூழாவும். அதற்குக் கீழே வீரை, கருங்காலி, நெய்க்கொட்டான். தரையில் சருகு. பூண்டு என்று சொல்ல அதிகம் இல்லை. பட்டியல் சின்னதாகப் போனது இதனால்தான், வெளிச்சம் கீழே வந்தால்தானே பூண்டு வரும்.

ஐந்துக்கு ஐந்தில் குனிந்தபோதுதான் காடு தன் கணக்கைக் காட்டியது. வீரைக் கன்றுகள் மொய்த்துக் கிடந்தன, விரல் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை எல்லா வயதிலும். கருங்காலிக் கன்று அங்கங்கே. பாலைக்கு விரலளவு நாற்றுகள் இருந்தன, அதற்கு அடுத்த வயது இல்லை. பெரிய மரம் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, இளவட்டம் இல்லை. பாலை மெதுவாக வளரும் மரம் என்பதால் இதைக் கண்டு உடனே கலங்கத் தேவையில்லை. குறித்து வைக்கத்தான் வேண்டும்.

இந்தத் துண்டைக் கைபடாதது என்று முதலில் எழுதியிருந்தேன். பிறகு அழித்தேன். சருகுக்குள் வாள் போட்ட முதிரைக் குற்றிகள் கிடந்தன, அறுத்த முகம் கறுத்து. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்தத் தடை முதிரைக்குக் கேட்கவில்லை போலும். காட்டுக்குள் போகிறவன் முதிரையைத் தேடித்தான் போகிறான், வீரையைத் தேடிப் போவதில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டாக இப்படிப் பொறுக்கியெடுத்தால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் காடு அப்படியேதான் தெரியும். உச்சி மூடியிருக்கும், செய்மதிப் படத்திலும் பச்சையாகவே இருக்கும். உள்ளே மட்டும் முதிரைக் காடு வீரைக் காடாக மாறிக்கொண்டிருக்கும்.

விழுந்து கிடந்த இன்னொரு பெருமரத்தைப் பெரியவர் காலால் தட்டினார். "இது வாளால் விழுந்தது அல்ல. சூறாவளியில் சாய்ந்தது." அவர் சொன்னது 1978 நவம்பர் 23 இரவை. மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர்கள் எல்லாரிடமும் அந்த இரவு இருக்கிறது, தென்னந்தோட்டங்கள் முறிந்து கிடந்த காலையும் இருக்கிறது. காட்டுக்குள் நடந்ததை அதிகம் பேர் பேசுவதில்லை. அதே சூறாவளி பொலன்னறுவைக் காட்டையும் அடித்தது. அங்கே குரங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த வொல்ப்காங் டிட்டஸ் முன்னமே மரங்களை எண்ணி வைத்திருந்ததால், அடித்த பின் மறுபடி எண்ண முடிந்தது. அவர் 1985இல் எழுதியது, எங்கள் வறண்ட காடுகளின் அமைப்பில் சூறாவளிக்கும் கை உண்டு என்பது. அப்படியானால் இடையூறு என்பது மனிதன் கொண்டுவந்த புதுச் சரக்கு அல்ல. காட்டுக்கு விழவும் தெரியும், விழுந்த இடத்தை நிரப்பவும் தெரியும்.

நடுத் துண்டு

இங்கே மரங்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஒரு அடியிலிருந்து மூன்று, நான்கு, ஐந்து தண்டுகள், விரித்த கை விரல்கள் போல. மாணவர்களுக்கு இது புரியவில்லை. ஒரு மரமா ஐந்து மரமா என்று எண்ணுவதில் சண்டையே வந்தது. பெரியவர் வந்து தண்டுகளுக்கு நடுவில் இருந்த சருகைக் கையால் அள்ளி அகற்றினார். உள்ளே ஒரு பழைய கட்டை இருந்தது, பாதி உக்கி, விளிம்பில் கோடரிக் கொத்துகள் இன்னும் தெரிய. முழங்காலுக்கு மேல் உயரம்.

"இவ்வளவு உயரத்தில் ஏன் வெட்டினீர்கள், ஐயா?"

"குனிந்து வெட்ட முதுகு ஏது, மகன்? வேரைத் தோண்டுகிறவன் விசரன். எரித்துவிட்டுக் கட்டைகளுக்கு நடுவில் குரக்கனும் சோளனும் போடுவோம், பூசணியைக் கட்டையின் மேலேயே ஏற்றிவிடுவோம்."

அந்த முதுகுவலிதான் இந்தக் காட்டைக் காப்பாற்றியிருக்கிறது. ஆடியில் வெட்டி, ஆவணியில் எரித்து, ஐப்பசி மழைக்கு விதைக்கும் சேனையில் மேலே தெரிகிற மரம் போய்விடும். கீழே வேர் அப்படியே இருக்கும். ஆழத்து ஈரத்தை உறிஞ்சத் தெரிந்த, மாச்சத்து சேமித்து வைத்திருக்கிற வேர். முதல் மழைக்கே கட்டையின் விளிம்பிலிருந்து துளிர் வெடிக்கும். விதையிலிருந்து வருகிற கன்று முதல் வறட்சியைத் தாண்டுவதற்கே திண்டாடும்போது, இந்தத் துளிர் ஒன்றிரண்டு ஆண்டில் புல்லின் தலைக்கு மேலே போய்விடும். நிழல் விழுந்ததும் புல் தானாக ஒதுங்கும். வறண்ட வெப்பமண்டலக் காடுகள் உலகெங்கும் பெரும்பாலும் இப்படித்தான் எழுகின்றன, வேரிலிருந்தும் கட்டையிலிருந்தும்.

ஆனால் ஒரு நிபந்தனை. பத்து, பதினைந்து ஆண்டு விட்டுவைத்து மறுபடி வெட்டினால் கட்டை தாங்கும். மூன்றாம் ஆண்டே திரும்பி வந்தால், வேரில் சேர்ந்தது செலவாகி, சேராமலே மறுபடி செலவாகி, ஒரு கட்டத்தில் துளிர்க்காது. சனம் பெருகி, காணி சுருங்கி, சேனைக்கு ஓய்வு குறைந்தபோது பல இடங்களில் நடந்தது அதுதான். இந்தத் துண்டுக்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஓய்வு கிடைத்தது, யாரும் விரும்பிக் கொடுக்காத ஓய்வு. இந்த வரியை எழுதும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் பெரியவர் எங்கெங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

முப்பது ஆண்டில் என்ன வந்திருக்கிறது? முதிரை, வீரை, ஆத்தி, திருக்கொன்றை, விளா, காட்டு நொச்சி, அங்கங்கே சாவண்டலை. பெயர்ப்பட்டியல் மேல் துண்டைவிட நீளம்தான், வெயில் விரும்பிகளும் நிழல் விரும்பிகளும் ஒரே வீட்டில் இருப்பதால். தண்டுகள் மெல்லியவை, உச்சி தாழ்வு. பாலை மட்டும் பழைய மரமாகவே நிற்கிறது, சேனைக்காரர் வெட்டாமல் விட்டது. "பழம் தருகிற மரம். பரணும் அதில்தான் கட்டினோம்." ஆனி ஆடியில் பாலைப்பழம் விழும்போது கரடி வருமாம். பக்கத்து ஊரின் பெயரில் கரடி இருப்பது சும்மா அல்ல.

கீழ்த் துண்டு

டோசர் கட்டையை விடுவதில்லை. அதன் தட்டு மண்ணுக்குள் இறங்கித் தள்ளும்போது வேரும், வேரோடு விரற்கடை மேல்மண்ணும் சேர்ந்து ஓரத்துக்குப் போகும். அங்கே குவித்து எரித்தார்கள். பிறகு உழவு இயந்திரம் மிஞ்சிய வேர்த்துண்டுகளையும் பிரட்டிவிட்டது. சோளனுக்கு அது நல்லதுதான். வரிசை நேராக வரும், களை இயந்திரத்தால் எடுக்கலாம். கைவிட்டுப் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. துளிர்க்கக் கட்டை இல்லை. மண்ணில் கிடந்த விதை காட்டின் விதை அல்ல, களையின் விதை.

முதல் மாரியிலேயே கினியாப்புல் எழுந்தது. ஆபிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனமாக இங்கே வந்த புல், இப்போது ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஓரங்களில் நாயுண்ணி, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பூந்தோட்டத்துக்கு அழகாக வந்தது. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று எங்கும் விதைத்துவிட்டது. ஆவணியில் புல் காய்ந்து வைக்கோலாகும். மாட்டுப் பட்டிக்காரர் புதுப் புல்லுக்காக ஒரு தீக்குச்சி போடுவார், அல்லது யாரோ பீடியை எறிவார். கச்சான் காற்று மீதியைச் செய்யும். புல்லுக்குத் தீ ஒரு பொருட்டே அல்ல, அதன் உயிர் தரைமட்டத்துக்குக் கீழே. இடையில் தப்பி முளைத்த மரக்கன்று மட்டும் செத்துப்போகும். அடுத்த ஆண்டு இன்னும் அதிகப் புல், இன்னும் பெரிய தீ.

தீயே குற்றவாளி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அம்பாறையில் கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் போனவர்கள் அங்கே பரந்த புல்வெளியில் தனித்தனியாக நிற்கும் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களைப் பார்த்திருப்பார்கள். அந்த வெளி தீயோடு வாழப் பழகியது. அங்கே நிற்பவை தடித்த பட்டையுள்ள மரங்கள், எரிந்தாலும் துளிர்ப்பவை. சித்த, ஆயுர்வேத வைத்தியர்களின் பாதி மருந்துப் பெட்டி அதில்தான் இருக்கிறது. அங்கே தீயை முற்றாக நிறுத்தினால் இழக்கப்படுவது அந்த வெளிதான். எங்கள் கீழ்த் துண்டில் எரிவது வேறு. தீயோடு வளர்ந்த மரம் எதுவும் அங்கே இல்லை, தீயோடு வளர்ந்த புல் மட்டும் இருக்கிறது.

எண்ணிக்கை சொல்லும் பொய்

இனி மாணவியின் கேள்வி. 1978இல் ஜோசப் கொனெல் மழைக்காடுகளையும் பவளப்பாறைகளையும் வைத்து ஒரு கருத்தைச் சொன்னார்: இடையூறு மிகக் குறைந்தால் வலியவை மெலியவற்றை விரட்டிவிடும், மிகக் கூடினால் எல்லாம் அழியும், நடுவில்தான் இனங்கள் அதிகம். புத்தகங்களில் வில் போல வளைந்த ஒரு கோடாக அது இருக்கும். எங்கள் நடுத் துண்டு அதற்குப் பொருத்தமாகவே நின்றது. கீழ்த் துண்டு பொருந்தவில்லை. அதிக இடையூறு, அதிகப் பெயர்கள். இந்தக் கருத்தையே கைவிடவேண்டும் என்று 2013இல் ஜெரமி ஃபொக்ஸ் எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எந்தப் பெயர்களை எண்ணுகிறோம் என்று கேட்காமல் அந்தக் கோட்டை வரையக்கூடாது, அவ்வளவுதான்.

கரும்பலகை இல்லாததால் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். இரண்டு தோப்பு, ஒவ்வொன்றிலும் நூறு மரம், பத்து இனம். முதல் தோப்பில் ஒவ்வோர் இனத்திலும் பத்து மரம். இரண்டாவதில் ஓரினம் தொண்ணூற்றொன்று, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. இனங்களை மட்டும் எண்ணினால் இரண்டும் சமம். இனங்கள் எவ்வளவு சமமாகப் பரந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கும் ஷனன் சுட்டியால் கணக்கிட்டால் முதலாவது 2.30, இரண்டாவது 0.50. ஒரு புயலோ ஒரு கோடரியோ வந்தால் இரண்டாவதில் ஒன்பது இனங்கள் ஒரே நாளில் போகலாம். கீழ்த் துண்டின் நீளமான பட்டியல் இந்த இரண்டாவது வகை: கினியாப்புல் என்ற கடலில் ஒவ்வொன்றாக மிதக்கும் பெயர்கள்.

சுட்டியும் எல்லாம் சொல்லாது. அதற்கு முதிரையும் நாயுண்ணியும் ஒன்றுதான். அதனால் நான்கு கேள்விகளைச் சதுரத்துக்குச் சதுரம் கேட்டோம். இந்த மண்ணுக்குரியது எது, வந்தேறியது எது? மேலே நிற்கும் மரத்துக்குக் கீழே அதன் பிள்ளை இருக்கிறதா? விதையைக் கொண்டுவரப் பறவையும் மிருகமும் வருகின்றனவா? கட்டை உயிரோடு இருக்கிறதா? இந்தக் கேள்விகளில் மேல் துண்டு நன்றாகத் தேறியது, முதிரையைத் தவிர. நடுத் துண்டும் தேறியது. கீழ்த் துண்டு ஒரே ஓர் இடத்தில் மட்டும் தேறியது.

அந்த இடம் பெரியவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாலையடி. டோசர்காரனிடம் கெஞ்சி விடவைத்த ஒற்றை மரம். அதன் நிழல் விழும் வட்டத்துக்குள் புல் மெலிந்திருந்தது. கொப்பில் வந்து குந்திய பறவைகளும் வௌவால்களும் போட்ட விதைகளிலிருந்து வீரை, நாவல், கூழா, விளா என்று முழங்கால் உயரத்துக்கு நின்றன. யானை லத்தியிலிருந்து முளைத்த விளாங்கன்றுகளின் கொத்து ஒன்றும் இருந்தது. சோளனைத் தின்று குடும்பத்தை விரட்டிய அதே யானையாக இருக்கலாம். வட்டத்துக்கு வெளியே நான்கு எட்டு வைத்தால் ஒன்றும் இல்லை.

மரநடுகையும் சூரையும்

இந்தத் துண்டில் ஒருமுறை மரநடுகை நடந்தது. யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம், நானும் பதாகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டவன்தான். முதல் நாள் கூலிக்கு ஆள் வைத்துப் பற்றையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினார்கள். சூரையும் விடத்தலும் போய் வெட்டவெளியானது. மறுநாள் தேக்கும் வேம்பும் மகோகனியும் வரிசையாக நட்டோம். காடு நடுகிறோம் என்றார்கள். அவற்றில் வேம்பு ஒன்றைத் தவிர இந்தச் சரிவுக்கு உறவுக்காரர் யாரும் இல்லை. தையில் நட்டதில் பாதியை மாடு கடித்தது, மீதியை ஆவணித் தீ எடுத்தது. பொலித்தீன் பைகள் மட்டும் எரியாமல் கிடந்தன.

அதன் பிறகு செய்தது சின்ன வேலை. கச்சானுக்கு முன், வைகாசியில், துண்டின் மேற்கோரத்தில் நான்கு மீற்றர் அகலத்துக்குப் புல்லை வெட்டித் தீ தாண்டாத ஒரு வழி விட்டோம். பாலை வட்டத்தின் விளிம்பில் தானாக வந்த கன்றுகளைச் சுற்றிப் புல்லை மட்டும் அரிவாளால் அறுத்தோம். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் நட்டிருந்த பைன் தோட்டங்களில், மூன்று வரிசை பைன்களை அகற்றி, அந்த இடைவெளியின் அரை நிழலில் காட்டு மரங்களை வளர்த்தெடுத்தார்கள். நிற்பதையெல்லாம் அழிக்காமல் அதையே தாதியாக்கிக்கொள்ளும் யோசனை அது. இங்கே எங்களுக்குத் தாதியாகப் பைன் இல்லை. இருந்தது பற்றை.

அடையாளம் தெரியவேண்டும் என்று மாணவி பன்னிரண்டு கன்றுகளில் சிவப்புச் சீலைத் துண்டு கட்டினாள். மாரி முடிந்து போனபோது திறந்த வெளியில் கட்டிய ஏழில் ஆறுக்குச் சீலை இருந்தது, கன்று இல்லை. மாடு சீலையை மட்டும் துப்பிவிட்டுப் போயிருந்தது. மற்ற ஐந்தும் துப்புரவாக்கியவர்கள் கைக்கு எட்டாமல் விட்ட ஒரு சூரைப் பற்றைக்குள் இருந்தன. பெரியவர் கத்தியால் முள்ளை ஒதுக்கிப் பிடிக்க, அவள் கையை உள்ளே விட்டு அளந்தாள். வீரை இரண்டு, முதிரை ஒன்று, நாவல் ஒன்று, பாலை ஒன்று. பாலைக் கன்று முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்தது. மேல் துண்டில் நாங்கள் தேடியும் கிடைக்காத வயது.

"கையைக் கிழித்துவிட்டதா, மகள்?" என்றார் பெரியவர். கிழித்துத்தான் இருந்தது. அவள் கொப்பியில் முதலில் சூரை என்று எழுதினாள், பிறகு மற்ற ஐந்தையும்.